காய்ந்த சீமையில் கீழ்த்தளம் ஏன் நிறைகிறது?

நார்த்தாமலையில் மேலமலை ஏறி விஜயாலய சோழீச்சரத்துக்குப் போகிற வழியில் ஒரு சுனை இருக்கிறது. அதன் தண்ணீருக்கு அடியில், பாறையில் குடைந்த சின்னக் கருவறையும் ஒரு லிங்கமும் உண்டு. 1857-இல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திரத் தொண்டைமானின் அரசி சுனையை இறைக்கச் செய்து வழிபட்ட செய்தியை அங்கே கல்வெட்டாகவே வெட்டி வைத்திருக்கிறார்கள். சித்தன்னவாசல் குன்றின் மேலுள்ள நாவல் சுனையிலும் இதேபோல ஒரு சிவன் மூழ்கியிருக்கிறார். புதுக்கோட்டை மாவட்டத்தின் மிகப் பழைய 'தண்ணீர் புகுந்த கீழ்த்தளங்கள்' இவைதான் என்று சொன்னால் பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. பொறியியல் கணக்கில் இரண்டும் ஒரே சங்கதி.

இந்தச் சுனைகள் வற்றாமல் நிற்பது கொஞ்சம் புதிரானது. மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 800 முதல் 900 மில்லிமீட்டர். திறந்து கிடக்கும் நீர்ப்பரப்பிலிருந்து நம் வெயில் குடிப்பதோ ஆண்டுக்கு ஒன்றரை மீட்டருக்கும் மேல். நேராக விழுகிற மழை மட்டும் என்றால் சுனை பங்குனியிலேயே காய்ந்திருக்க வேண்டும். காயாததற்குக் காரணம், சுற்றியுள்ள மொட்டைப் பாறைச் சரிவில் விழும் மழை முழுவதும் அந்தப் பள்ளத்துக்கே ஓடி வருவதுதான். வந்த தண்ணீர் கசிந்து கீழே போகவும் கிரானைட் விடாது. அதில் நுண்துளைகள் கிட்டத்தட்ட இல்லை, வெடிப்பு இருந்தால்தான் வழி. ஆக, வரத்து பெரிது, போக்கு இல்லை. வீட்டுக்கடியில் பள்ளம் தோண்டுகிறவர் மனதில் வைக்க வேண்டியது இந்த இரண்டையும்தான்.

"தண்ணியா? இந்த ஊர்லயா? குடிக்கிறதுக்கே தண்ணி இல்ல சார்!" மனை காட்ட வரும் புரோக்கர் அப்படித்தான் சிரிப்பார். ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு பக்கம் பல நூறு அடிக்குப் போர் இறக்குகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு அது நியாயமாகவும் படும். ஆனால் போரில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதற்கும், கார்த்திகை மாதத்தில் ஐந்தடிப் பள்ளத்தில் தண்ணீர் ஊறுமா என்பதற்கும் சம்பந்தமே இல்லை.

மாவட்டத்தின் மேற்கில், குளத்தூர், இலுப்பூர், விராலிமலை, திருமயம் பக்கம், அடியில் பாறை. சில இடங்களில் மண் நாலைந்து அடிதான். கிழக்கே அறந்தாங்கி, ஆலங்குடி, கறம்பக்குடி பக்கம் படிவுப் பாறையும் அதன்மேல் செம்புறாங்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. பெய்கிற மழை மேல்மண்ணில் இறங்கி, இறுகிய களி அடுக்கையோ கெட்டிப் பாறையையோ தொட்டதும் நின்றுவிடும். கீழே பல நூறு அடி வரை உலர்ந்து கிடந்தாலும், இந்த அடுக்கின் மேல் ஒரு தனி நீர்மட்டம் சில வாரங்களுக்குத் தொங்கிக்கொண்டு நிற்கும். ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுவதால், அந்தத் தொங்கு நீர் உருவாவதும் அப்போதுதான். வெயில் காலத்தில் வீடு பார்த்து, ஆனி ஆவணியில் பத்திரம் முடிக்கிறவர்கள் அதைப் பார்க்கவே வழியில்லை. கடலோரத்தில் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் பக்கம் கதை வேறு. அங்கே நிலத்தடி நீர் எப்போதுமே பக்கத்தில்தான், உப்பும் கூடவே. அங்கே கீழ்த்தளம் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.

மண்ணில் தண்ணீர் எவ்வளவு வேகமாக நகரும் என்பதை முதலில் சோதனை செய்து சூத்திரமாக எழுதியவர் பிரான்சின் திஜோன் நகரத்துக் குடிநீர்ப் பொறியாளர் ஆன்ரி தார்சி. அவர் அதை வெளியிட்டது 1856-இல். நார்த்தாமலைச் சுனையை இறைத்ததற்கு முந்தைய ஆண்டு! அவர் கண்ட விதிப்படி, ஒரே சரிவில் ஒரே அளவு குறுக்குப்பரப்பில் தண்ணீரின் ஓட்டம் மண்ணின் குணத்தைப் பொறுத்தது. மணலுக்கும் கெட்டிக் களிமண்ணுக்கும் இடையே அந்த வேறுபாடு லட்சம் மடங்கைத் தாண்டும். இதிலிருந்து வீடு கட்டுகிறவர்கள் எதிர்பார்க்காத ஒரு விளைவு வருகிறது. களிமண்ணில் பத்தடிக்குக் குழி வெட்டி, சுவர் எழுப்பி, சுவருக்கும் மண்ணுக்கும் இடையில் மிஞ்சிய இரண்டடி இடைவெளியில் உடைந்த செங்கல், மணல், வெட்டின மண் எல்லாவற்றையும் தளர்வாகக் கொட்டி மூடுவார்கள். சுற்றியுள்ள களி தண்ணீரை வாங்காது. இந்தத் தளர்ந்த மண் உடனே வாங்கிக்கொள்ளும். மாடியிலிருந்து மழைக்குழாய் நேரே இறங்குவதும் பெரும்பாலும் அங்கேதான். 1,200 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 11,000 லிட்டர். அதாவது ஒரு தண்ணீர் லாரி அளவு, நாம் நம் கையாலேயே நம் சுவரோரத்தில் இறக்குகிறோம். நிலத்தில் நீர்மட்டம் எங்கோ இருக்க, வீட்டைச் சுற்றி மட்டும் ஒரு அகழி நிறைந்திருக்கும்.

நிறைந்த தண்ணீர் சும்மா நிற்காது, தள்ளும். ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் சதுர மீட்டருக்கு ஒரு டன் வீதம் அழுத்தம் கூடும். 3 மீட்டர் ஆழம், 9 மீட்டர் நீளமுள்ள ஒரு கீழ்த்தளச் சுவர்மீது வெளித் தண்ணீர் மட்டும் தருகிற தள்ளு சுமார் 40 டன். மண்ணின் பாரம் தனி. செங்கல் சுவர் மேலிருந்து வரும் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் வருவதைத் தாங்கப் பிறந்ததில்லை. தரையின் கதி இன்னும் மோசம். அதே 3 மீட்டரில் தரைக்கடியிலிருந்து மேல்நோக்கித் தள்ளுவது சதுர மீட்டருக்கு 3 டன். அரையடி கனமுள்ள கான்கிரீட் தளத்தின் எடை சதுர மீட்டருக்கு 360 கிலோ. கம்பி கட்டி, சுவரோடு பிணைத்து, முறையாக வடிவமைத்தால் தாங்கும். "சும்மா ஒரு பிசிசி போட்டு டைல்ஸ் ஒட்டிரலாம்" என்றால் ஒரு அடைமழைக்கு நடுவில் விரிந்து ஊற்றெடுக்கும்.

இதே தள்ளுதான் கதவிலும். 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு வெளியே அரை மீட்டர் தண்ணீர் நின்றால் அதன்மேல் 110 கிலோவுக்கும் மேல் பாரம். ஒரு மீட்டர் நின்றால் 450 கிலோ. ஆழம் இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு என்பது கணக்கு. முழங்கால் அளவுத் தண்ணீர்தானே என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு ஆளால் திறக்க முடியாததாகிவிடும். 2022 ஆகஸ்ட் 8 இரவு தென்கொரியத் தலைநகர் சோலில், 'பாரசைட்' படத்தில் நாம் பார்த்த மாதிரியான பாதி நிலத்தடி வீடொன்றில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூவர் வெளியேற முடியாமல் இறந்தார்கள். 2024 ஜூலை 27 அன்று தில்லி பழைய ராஜிந்தர் நகரில் குடிமைப்பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த 3 பேர், பயிற்சி மையத்தின் கீழ்த்தள நூலகத்துக்குள் வெள்ளம் புகுந்து இறந்தார்கள். பொருள் வைக்கிற அறை என்று அனுமதி வாங்கிவிட்டு ஆட்களை உட்காரவைக்கிற வழக்கம் நம் ஊர்க் கடைத்தெருக்களுக்கும் புதிதில்லை. கீழ்த்தளத்தில் மனிதர்கள் தூங்குவதோ படிப்பதோ கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது, அது எவ்வளவு அழகாகக் குளிரூட்டப்பட்டிருந்தாலும்.

எங்கள் வீட்டில் கீழ்த்தளமே இல்லையே என்கிறவர்களுக்கும் ஒன்று உண்டு. சம்ப்பும் செப்டிக் டேங்க்கும் நிலத்தடி அறைகள்தான். இப்போது குழியைத் தோண்டி ரெடிமேட் பிளாஸ்டிக் தொட்டியை இறக்கிவிடுகிறார்கள். 3,000 லிட்டர் தொட்டி காலியாக இருக்கும்போது நூறு கிலோகூட இருக்காது. சுற்றிலும் நீர் ஏறினால் அதை மேலே தூக்குகிற விசை 3 டன். ஆர்க்கிமிடீஸ் பார்த்துக்கொள்வார், தொட்டி தரையைப் பிளந்துகொண்டு எழும்பும், குழாய்களை முறித்துக்கொண்டு. மழை உச்சத்தில் இருக்கும்போது "நிறைஞ்சு போச்சு, லாரியைக் கூப்பிட்டு எடுத்துரலாம்" என்று செப்டிக் டேங்க்கைக் காலி செய்வதைப் போல ஆபத்தான யோசனை இல்லை. எடுப்பதானால் புரட்டாசிக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். சம்ப்பை அந்த மாதங்களில் நிறைத்தே வைக்க வேண்டும்.

சரி, வாங்குவதற்கு முன் எப்படித் தெரிந்துகொள்வது? புதுக்கோட்டையில் இதற்குச் சாட்சி சொல்ல ஆள் பஞ்சமில்லை. இந்தச் சமஸ்தானமே கண்மாய்களால் நெய்யப்பட்டது. பெரிய கவிநாடு கண்மாயிலிருந்து ஊருக்கு ஊர் இருக்கிற சிறு ஊருணி வரை, ஒன்றின் கலிங்கு வழிந்தால் அடுத்ததன் வரத்து வாய்க்கால் நிறையும். 1878 முதல் 1894 வரை இங்கே நிர்வாகத்தை நடத்திய திவான் சேஷய்ய சாஸ்திரி, நகரத்தைத் திருத்தியமைத்தபோது குளங்களையும் சேர்த்தே சீராக்கியது சும்மா இல்லை. தெரு எங்கே வடியும் என்பதைக் குளம்தான் முடிவு செய்யும். அந்த வாய்க்கால் தூர்ந்து, பத்து வருடம் தண்ணீர் வராமல் கிடந்தால், அது மனையாகிவிடும். பதினோராவது வருடம் மேலே மூன்று கண்மாய் தள்ளிக் கலிங்கு பாய்கிறபோது தண்ணீர் பழைய பாதையில் இறங்கும். உங்கள் மனையில் விழுந்த மழை எவ்வளவு என்பது அப்போது கணக்கிலேயே வராது.

ஆகவே முதலில் காகிதம். பட்டாவும் வில்லங்கச் சான்றும் எல்லாரும் பார்ப்பார்கள். அதோடு நிற்காமல் அரசின் இணைய சேவையிலேயே கிடைக்கும் 'அ' பதிவேட்டையும் புலப்படத்தையும் எடுங்கள். உங்கள் சர்வே எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடாமல், நாலு பக்கத்து எண்களும் என்ன வகைப்பாட்டில் இருக்கின்றன என்று பாருங்கள். வாய்க்கால் புறம்போக்கு, ஓடை, ஊருணி, கண்மாய் உள்வாய் என்று ஏதாவது வருகிறதா? கிராம வரைபடத்தில் அந்த வாய்க்கால் எங்கிருந்து வந்து உங்கள் எல்லையில் எங்கே காணாமல் போகிறது? நேரில் ஒரு தெருவாகத் தெரிவது, படத்தில் வாய்க்காலாக இருக்கும். நீர்நிலை ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட்டிருக்கிறது என்பதால், தண்ணீர் வராவிட்டாலும் நோட்டீஸ் வரலாம்.

அடுத்தது மண். மனைக்குப் போனால் சிவக்கச் சிவக்க அழகாக இருக்கும். நம்பாதீர்கள். பள்ளத்தை மேடாக்க லாரி லாரியாக அடித்த கிராவல் அது. கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஒருவரை அழைத்துப்போய், மூலையில் நாலடிக்கு ஒரு குழி போடச் சொல்லுங்கள். கிராவல் இரண்டடியிலோ மூன்றடியிலோ முடியும். அதற்குக் கீழே வருவதுதான் உங்கள் நிலம். அங்கேயும் மண் ஒரே சீராகச் சிவப்பாக இருந்தால் நல்லது. மண்ணிலுள்ள இரும்பு காற்றோடு சேர்ந்து துருவேறிய நிறம் அது, தண்ணீர் அங்கே நாள்கணக்கில் தேங்குவதில்லை என்று பொருள். சாம்பலாகவோ நீலங்கலந்த கறுப்பாகவோ வந்து, நடுநடுவே துருப்பிடித்தது போன்ற புள்ளிகளும் வேர்த்தடத்தில் செம்பழுப்புக் கோடுகளும் தெரிந்தால், அந்த மண் வருடா வருடம் மூழ்கி மூழ்கிக் காய்கிறது. நீர் நிறைந்து காற்று இல்லாதபோது நுண்ணுயிர்கள் இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுகின்றன, நிறம் போகிறது. வடியும்போது காற்று நுழைகிற துளைகளில் மட்டும் திரும்பத் துரு படிகிறது. ஓர் உருண்டை மண்ணை எடுத்து உடைத்துப் பார்த்தால், உள்முகத்தில் புள்ளிகள் தெளிவாகத் தெரியும். புரோக்கர் சொல்கிற வரலாற்றைவிட இந்த வரலாறு நம்பகமானது. பக்கத்துக் காலி மனையில் கோரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் செழித்துக் கிடந்தால் குழிகூடத் தேவையில்லை.

பிறகு மட்டம். இதற்கு எந்தக் கருவியும் வாங்க வேண்டாம். கொத்தனாரிடம் இருக்கும் டியூப் லெவலே போதும். கண்ணாடி போன்ற நீளக் குழாயில் குமிழி இல்லாமல் தண்ணீரை நிரப்பி, ஒரு முனையை ரோட்டின் நடுமேட்டிலும் மறுமுனையை வீட்டு வாசலிலும் பிடித்தால், இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். குழாய்க்குள் ஒரு குமிழி ஒளிந்திருந்தாலும் மட்டம் பொய் சொல்லும் என்பதால் விரலால் தட்டித் தட்டி வெளியேற்றிவிட்டுப் பிடிக்க வேண்டும். ரோட்டைவிடப் பேஸ்மட்டம் எத்தனை அடி உயரம் என்பது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பழைய வீடாக இருந்தால் இது இன்னும் முக்கியம். வீடு கட்டியபோது மூன்றடி உயரத்தில் இருந்திருக்கும். ரோடு மேல் ரோடு போட்டு இப்போது ஒரு அடிகூட மிஞ்சியிருக்காது. பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு எல்லாத் துறைகளுக்கும் எழுதினார். உங்கள் தெருவில் அது நடக்கிறதா என்பதை நீங்கள்தான் நின்று பார்க்க வேண்டும்.

இந்த விஷயத்தில் நமக்கு முன்மாதிரி வெளியூரில் இல்லை. கோனாப்பட்டு, ராயவரம், கடியாபட்டி நகரத்தார் வீடுகளைப் பாருங்கள். தெருவிலிருந்து படியேறித்தான் திண்ணை, அதிலிருந்து ஏறித்தான் வளவு. நாலு பக்கத் தாழ்வாரத்து நீரும் முற்றத்தில் இறங்கி, வாசல் பக்கமாக வெளியேறி, தெருவோடு ஊருணிக்குப் போகும். வீட்டின் ஒவ்வொரு மட்டத்துக்கும் அடுத்த பள்ளம் எங்கே என்று முன்பே யோசித்துவிட்டுக் கல் வைத்திருக்கிறார்கள். பர்மா தேக்கைப் படம் பிடிக்கிறவர்கள் இந்தச் சரிவைப் படம் பிடிப்பதில்லை.

ஏற்கெனவே கட்டின வீடு என்றால் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். செங்கல்லும் சாந்தும் நுண்குழாய்களால் ஆனவை. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல அவை நிலத்து ஈரத்தை இழுக்கும். குழாய் எவ்வளவு மெல்லிசோ அவ்வளவு உயரம் ஏறும். ஆரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று என்றால் 15 சென்டிமீட்டர், நூறில் ஒன்று என்றால் ஒன்றரை மீட்டர். வழியிலேயே ஆவியாவதால் நடைமுறையில் இடுப்பளவுக்குள் நின்றுவிடும், அந்த இடத்தில் கரைந்து வந்த உப்பை விட்டுவிட்டுப் போகும். உப்பு படிகமாகும்போது பருத்துப் பூச்சைப் பொரித்துத் தள்ளும். விற்கிறவர் புதிதாகப் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார். கீழே மூன்றடி மட்டும் டைல்ஸ் ஒட்டியிருந்தால் இன்னும் சந்தேகப்படலாம். ஓரடிச் சதுரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. முன்னால் வேர்த்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்துவைத்தாலே தீரும். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு என்பதால் முதலில் இதைச் செய்துவிட்டுத்தான் செலவை யோசிக்க வேண்டும்.

கீழ்த்தளம் கட்டியே விட்டவர்கள் என்ன செய்வது? உள்ளே இருந்து ஏதாவது ரசாயனத்தைப் பூசுகிற வேலைதான் சந்தையில் அதிகம் விற்கிறது. அது வெளித் தண்ணீரைத் தடுக்காது, சுவரிலிருந்து உரிந்து வருகிற திசையிலேயே தண்ணீர் அதைத் தள்ளும். வேலையை வெளியில் தொடங்க வேண்டும். மழைக்குழாய்களைச் சுவரோரத்தில் விடாமல் பத்தடி தள்ளிக் கொண்டுபோவது, வீட்டைச் சுற்றித் தரையை வெளிப்பக்கம் சரிவாக்கிக் கெட்டி மண் இடித்து மூடுவது: இரண்டும் குறைந்த செலவு, பாதித் தொல்லைக்குமேல் இதிலேயே குறையும். மழைநீர் சேகரிப்புத் தொட்டி 2003 முதல் கட்டாயம் என்பதற்காக அதை அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டியிருந்தால், களிமண் நிலத்தில் அது சுவருக்குத் தண்ணீர் ஊட்டுகிற வேலையைத்தான் செய்யும். முடிந்தவரை எல்லைப் பக்கம் தள்ளிவிடுங்கள். அதற்கும் அடங்காவிட்டால்தான் சுவரை வெளியே தோண்டி, அடிமட்டத்தில் துளைக்குழாய் புதைத்து, மேலே ஜல்லி நிரப்பி வடிகால் அமைப்பது. செலவு பிடிக்கும் வேலை, ஆனால் அழுத்தத்தையே இறக்குகிற ஒரே வேலை. பாதாளச் சாக்கடை இணைப்பு உள்ள நகரப் பகுதியில் கீழ்த்தளக் கழிவறைக்கு எதிரோட்டத் தடுப்பு வால்வு போடாவிட்டால், தெருக்குழாய் நிறைகிற நாளில் ஊரின் தாழ்ந்த வாயாக உங்கள் கழிவறைதான் இருக்கும்.

மோட்டார் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். போடுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கடந்துபோன பிறகு ஆலங்குடி, அறந்தாங்கி பக்கம் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பதும், ஜெனரேட்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து மாடித் தொட்டியை நிரப்பியதும் யாருக்கும் மறந்திருக்காது. மோட்டார் அவசியப்படுகிற நாளும் மின்சாரம் போகிற நாளும் பெரும்பாலும் ஒன்றே.

தண்ணீர் புகுந்தேவிட்டால், மெயினை அணைக்காமல் ஒரு படிகூட இறங்கக் கூடாது. மெயின் போர்டே கீழே இருந்தால் மின்வாரியத்தாரை அழைத்துக் கம்பத்தில் துண்டிக்கச் செய்த பிறகுதான். அடுத்து, பெரிய பம்பைக் கொண்டுவந்து ஒரே மூச்சில் இறைத்துவிடத் தோன்றும். உள்ளே நிற்கும் தண்ணீர், வெளியிலிருந்து தள்ளுகிற 40 டன்னுக்கு எதிராகச் சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கிறது. அதைச் சட்டென்று எடுத்தால் சுவர் உள்ளே சாயும், தரை எழும்பும். வெளியே தேங்கியது வடிந்த பிறகு, நாளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இறைப்பதே பாதுகாப்பு. முதல் பங்கை எடுத்ததும் சுவரில் ஒரு கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலையில் தண்ணீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் வெளி நீர்மட்டம் இன்னும் இறங்கவில்லை. மோட்டாரை நிறுத்தி வைத்துவிட்டு, இன்னும் ஒரு நாள் கழித்து மறுபடி பாருங்கள்.